குடல் பாக்டீரியாவும் உணவு ஒவ்வாமையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேர்க்கடலை, பசும்பால், முட்டை போன்ற உணவுகளுக்கு ஏற்படும் ஒவ்வாமையில் குடலில் வாழும் பாக்டீரியாவின் பங்கைப் பற்றி, குறிப்பாகச் சிறு குழந்தைகளின் பெற்றோர், கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. இது பொதுவான விளக்கம் மட்டுமே. ஒவ்வாமை இருக்குமோ என்ற ஐயம் எழுந்தால் மருத்துவரிடம் காட்டுவதே முறை.

பால் குடித்தால் வயிறு உப்புகிறது. இதுவும் பால் ஒவ்வாமைதானா?

பெரும்பாலும் இல்லை. பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைவாக இருப்பவர்களுக்கு வயிற்று உப்புசம், வாயு, பேதி ஆகியவை வரும். அதில் நோய் எதிர்ப்பு மண்டலத்துக்கு வேலையே கிடையாது, உயிருக்கு ஆபத்தும் கிடையாது. உணவு ஒவ்வாமை என்பது உணவிலுள்ள ஒரு புரதத்தை நோய் எதிர்ப்பு மண்டலம் பகையாகக் கருதி, அதற்கெதிராக ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளை உருவாக்கிக்கொள்வதால் வருவது. அந்த ஐஜிஇ, தோலிலும் குடலிலும் மூச்சுக்குழாயிலும் இருக்கும் மாஸ்ட் செல்களின் மேல் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். அதே புரதம் மீண்டும் உடலுக்குள் வரும்போது அந்தச் செல்கள் ஹிஸ்டமின் முதலிய பொருள்களைக் கொட்டிவிட, சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தோலில் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, மூச்சிரைப்பு, மிகக் கடுமையான நிலையில் இரத்த அழுத்தச் சரிவு ஆகியவை தோன்றும். ஐஜிஇ சம்பந்தப்படாமல் பல மணி நேரம் கழித்து வெளிப்படும் ஒவ்வாமைகளும் உண்டு. ஆனால் பாக்டீரியா குறித்த ஆய்வுகளில் பெரும்பகுதி ஐஜிஇ வகையைப் பற்றியதே என்பதால் இங்கும் அதையே பேசுகிறோம்.

அன்றாடம் எத்தனையோ அயல் புரதங்களை உண்கிறோம். எல்லோருக்கும் எல்லா உணவும் ஒவ்வாமல் போகாதது ஏன்?

வாய்வழியாக வரும் புரதத்தைப் பொறுத்துக்கொள்ளும்படி உடல் பழக்கப்படுத்தப்படுவதே காரணம். 1911ஆம் ஆண்டிலேயே சிகாகோவில் எச். ஜி. வெல்ஸ் என்ற நோயியல் அறிஞர் (அதே பெயர்கொண்ட நாவலாசிரியர் அல்லர்), கோழிமுட்டைப் புரதத்தை முன்கூட்டியே தின்ற கினிப்பன்றிகளுக்குப் பின்னர் அதே புரதத்தை ஊசியில் செலுத்தினாலும் கடும் ஒவ்வாமை வருவதில்லை என்று காட்டினார். இந்தப் பொறுமையைக் காப்பவை ஒழுங்குபடுத்தும் டி செல்கள் என்ற ஒரு வகை வெள்ளணுக்கள் என்பது பல பத்தாண்டுகள் கழித்தே தெளிவாயிற்று. அவற்றை 1995இல் அடையாளம் காட்டிய ஜப்பானியர் ஷிமோன் சகாகுச்சிக்கும், அவற்றை ஆளும் மரபணுவைக் கண்டறிந்த மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் ஆகியோருக்கும் 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இதில் பாக்டீரியா எங்கே வருகிறது?

ஒரு மனித உடலில் ஏறத்தாழ 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருப்பதாக 2016இல் வெளியான ஒரு கணக்கு கூறுகிறது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை பெருங்குடலில் வாழ்கின்றன. பிறந்த குழந்தையின் நோய் எதிர்ப்பு மண்டலம் எதை எதிர்க்க வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்று கற்றுக்கொள்ளும் காலமும், இந்தப் பாக்டீரியாக்கள் குடலில் குடியேறும் காலமும் ஒன்றே. ஒன்றில் ஏற்படும் குறை மற்றொன்றைப் பாதிக்குமா என்ற கேள்வியிலிருந்துதான் இந்த ஆய்வுத் துறை பிறந்தது.

முதன்மையான சான்று சிகாகோ பல்கலைக்கழகத்தின் கேத்ரின் நாக்லர் குழுவிடமிருந்து வந்தது. இளம் எலிகளுக்கு ஆன்ட்டிபயாடிக் கொடுத்துக் குடல் பாக்டீரியாவைக் குறைத்தால் அவை வேர்க்கடலைக்கு எளிதில் ஒவ்வாமை கொள்கின்றன என்பதை 2004இல் அவர்கள் கண்டார்கள். 2014இல் இன்னும் கூர்மையான சோதனை ஒன்றைச் செய்தார்கள். எந்த நுண்ணுயிரும் இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளிலும் ஆன்ட்டிபயாடிக் பெற்ற எலிகளிலும் வேர்க்கடலைக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் மிகுதியாக உண்டாயின. அந்த எலிகளின் குடலில் கிளாஸ்ட்ரிடியா என்ற தொகுதியைச் சேர்ந்த பாக்டீரியாக்களைக் குடியேற்றியபோது ஒவ்வாமை தடைப்பட்டது. பாக்டீராய்ட்ஸ் என்ற மற்றொரு வகையைக் குடியேற்றியபோது பயன் எதுவும் இல்லை. பாக்டீரியா என்று ஒன்று இருந்தால் போதாது, எந்தப் பாக்டீரியா என்பதுதான் கேள்வி என்று அன்றே தெரிந்துவிட்டது.

அந்த ஆய்வின் அருமை, அது காரணத்தையும் காட்டியதில் இருக்கிறது. கிளாஸ்ட்ரிடியா இருக்கும் குடலில் இன்டர்லூக்கின்-22 என்ற சமிக்ஞைப் பொருள் கூடுதலாகச் சுரக்கிறது. அது குடலின் உட்சுவரையும் அதன் மேலுள்ள சளிப்படலத்தையும் வலுப்படுத்துவதால், உண்ட வேர்க்கடலையின் புரதம் சுவரைக் கடந்து இரத்தத்தில் கலப்பது குறைகிறது. இரத்தத்தை அளந்து இதை உறுதிசெய்தார்கள். இதே பாக்டீரியா வகை பெருங்குடலில் ஒழுங்குபடுத்தும் டி செல்களின் எண்ணிக்கையைப் பெருக்குகிறது என்பதைக் கென்யா ஹோண்டா முதலிய ஜப்பானிய ஆய்வாளர்கள் 2011லேயே காட்டியிருந்தார்கள். ஆக, ஒரே பாக்டீரியா வகை புரதம் உள்ளே கசிவதைக் குறைக்கிறது. கசிந்து வந்ததைப் பொறுத்துக்கொள்ளும் செல்களையும் வளர்க்கிறது.

கிளாஸ்ட்ரிடியா என்றால் டெட்டனஸ் உண்டாக்கும் கிருமியின் இனம் அல்லவா?

உறவுதான். டெட்டனஸ், பொட்டுலிசம் ஆகிய நோய்களை உண்டாக்கும் கிருமிகளும் அந்தப் பெருங்குடும்பத்தில் அடக்கம். ஆனால் அது நூற்றுக்கணக்கான இனங்களைக் கொண்ட பெரிய வகுப்பு. நலமாக உள்ள ஒவ்வொருவரின் குடலிலும் அதன் தீங்கற்ற உறுப்பினர்கள் மிகுதியாக வாழ்கிறார்கள்.

எலிக்குச் சரி, மனிதக் குழந்தைகளில் இது மெய்ப்பிக்கப்பட்டிருக்கிறதா?

ஓரளவுக்கு. 2019இல் நேச்சர் மெடிசின் இதழில் இரண்டு ஆய்வுகள் வெளிவந்தன. ஒன்றில் நாக்லர் குழுவினர், நேப்பிள்ஸ் நகரின் குழந்தை மருத்துவர் ரொபெர்த்தோ பெர்னி கனானியுடன் சேர்ந்து, நலமான நான்கு குழந்தைகள், பசும்பால் ஒவ்வாமை உள்ள நான்கு குழந்தைகள் ஆகியோரின் மலத்திலிருந்து பாக்டீரியாவை எடுத்து, நுண்ணுயிரற்ற எலிகளின் குடலில் குடியேற்றினார்கள். பின்னர் அந்த எலிகளுக்குப் பால் புரதம் கொடுக்கப்பட்டபோது, நலமான குழந்தைகளின் பாக்டீரியாவைப் பெற்றவை பாதுகாக்கப்பட்டன. ஒவ்வாமைக் குழந்தைகளின் பாக்டீரியாவைப் பெற்றவை கடும் எதிர்வினைக்கு ஆளாயின. அனேரோஸ்டைப்ஸ் காக்கே என்ற ஒரே ஒரு கிளாஸ்ட்ரிடியா இனத்தை மட்டும் குடியேற்றினாலும் பாதுகாப்புக் கிடைத்தது.

மற்றொன்று பாஸ்டன் நகரில் தலால் ஷாட்டிலா, ரீமா ரஷீத் முதலியோர் செய்தது. உணவு ஒவ்வாமை உள்ள குழந்தைகளின் குடல் பாக்டீரியா காலப்போக்கில் மாறும் விதம் மற்றக் குழந்தைகளிலிருந்து வேறுபட்டிருப்பதைக் கண்ட அவர்கள், தேர்ந்தெடுத்த சில மனிதக் குடல் பாக்டீரியாக்களின் கலவையை எலிகளுக்குக் கொடுத்து, ஏற்கெனவே தோன்றிவிட்ட முட்டைப் புரத ஒவ்வாமையைக்கூட அடக்கிக் காட்டினார்கள். ஒரு முரணை இங்கே மறைக்கக் கூடாது. சிகாகோவில் பயனளிக்காத பாக்டீராய்ட்ஸ் வகையின் உறவினங்கள் பாஸ்டனில் பயனளித்தன. எந்த இனங்கள் காவலர்கள் என்ற பட்டியல் இன்னும் முடிவாகவில்லை என்பதே இதன் பொருள்.

நேரடியாக மனிதர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வும் உண்டு. பால் ஒவ்வாமை கொண்ட 226 குழந்தைகளை அமெரிக்காவில் 8 வயது வரை கவனித்து, 2016இல் சுபிந்தா புன்யாவனிச் குழு வெளியிட்ட முடிவுகளின்படி, 3 முதல் 6 மாத வயதில் குடலில் கிளாஸ்ட்ரிடியா மிகுந்திருந்த குழந்தைகளுக்குப் பிற்காலத்தில் ஒவ்வாமை நீங்கும் போக்கு அதிகமாக இருந்தது. அதற்குப் பிந்திய வயதுகளில் எடுத்த மாதிரிகளில் இந்தத் தொடர்பு தென்படவில்லை. முதல் ஆண்டின் முற்பகுதியே முக்கியம் என்ற கருத்துக்கு இது வலுச் சேர்க்கிறது. ஆயினும் இது தொடர்பு மட்டுமே. பாக்டீரியாவே காரணம் என்று இதைக் கொண்டு சொல்லிவிட முடியாது.

பியூட்டிரேட் என்று அடிக்கடி படிக்கிறோம். அது என்ன?

நாம் செரிக்க முடியாத நார்ச்சத்தைப் பெருங்குடல் பாக்டீரியா நொதிக்கச் செய்யும்போது உண்டாகும் கொழுப்பு அமிலங்களுள் ஒன்று. பெருங்குடல் சுவரின் செல்களுக்கு அதுவே முதன்மையான எரிபொருள்; ஒழுங்குபடுத்தும் டி செல்கள் உருவாகவும் அது துணைபுரிகிறது. தாய்ப்பாலில் செழிக்கும் பிஃபிடோபாக்டீரியா லாக்டிக் அமிலத்தையும் அசிட்டிக் அமிலத்தையும் உண்டாக்க, அனேரோஸ்டைப்ஸ் போன்றவை அவற்றையே உண்டு பியூட்டிரேட்டைத் தருகின்றன. ஐரோப்பியக் குழந்தைகளிடையே நடந்த ஓர் ஆய்வில், ஒரு வயதில் மலத்தில் பியூட்டிரேட்டும் அதைப் போன்ற மற்றொரு கொழுப்பு அமிலமான புரோபியோனேட்டும் மிகுந்திருந்தவர்களுக்குப் பிற்காலத்தில் ஒவ்வாமைப் போக்கு குறைவாக இருந்தது.

அப்படியானால் பியூட்டிரேட்டையே மருந்தாக விழுங்கலாமே என்று தோன்றும். அதன் நாற்றம் சகிக்க முடியாதது என்பதோடு, வாய்வழியே சென்றால் தேவைப்படும் இடத்தை எட்டுவதற்கு முன்பே உறிஞ்சப்பட்டுவிடும் என்பதும் தடை. இதைத் தாண்டுவதற்காக நாக்லரும் பொறியாளர் ஜெஃப்ரி ஹப்பலும் பியூட்டிரேட்டைக் குடலின் கீழ்ப்பகுதியில் மட்டும் அவிழ்த்துவிடும் நுண்துகள்களை வடிவமைத்திருக்கிறார்கள். எலிகளில் அவை வேர்க்கடலை ஒவ்வாமையின் கடுமையைக் குறைத்தன.

ஒரே ஒவ்வாமை ஒருவருக்குத் தடிப்போடு நின்றுவிடுகிறது, இன்னொருவரை மருத்துவமனைக்கு அனுப்புகிறது. இதிலும் பாக்டீரியாவுக்குப் பங்கு உண்டா?

இருக்கலாம். கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தினரும் ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்களும் 2025இல் வெளியிட்ட ஆய்வில், உமிழ்நீரிலும் சிறுகுடலிலும் காணப்படும் ரோத்தியா என்ற பாக்டீரியா, வேர்க்கடலையின் ஒவ்வாமைப் புரதங்களைச் சிதைக்க வல்லது என்று கண்டார்கள். அத்தகைய பாக்டீரியா மிகுந்திருந்த நோயாளிகள், எதிர்வினை தோன்றுமுன் சற்றுக் கூடுதலான வேர்க்கடலையைத் தாங்கினார்கள். இதை நம்பி எவரும் வீட்டில் சோதனை செய்துபார்க்கக் கூடாது.

சிசேரியன், ஆன்ட்டிபயாடிக், புட்டிப்பால் ஆகியவற்றால்தான் குழந்தைக்கு ஒவ்வாமை வந்ததா?

குற்ற உணர்ச்சியோடு தாய்மார்கள் கேட்கும் கேள்வி இது என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சிசேரியனில் பிறந்த குழந்தையின் குடலில் தொடக்க மாதங்களில் பாக்டீரியா வேறுபட்டிருக்கும் என்பது உண்மை. அந்த வேறுபாடு மாதங்கள் செல்லச் செல்லக் குறையும். ஆனால் அது ஒவ்வாமையில் முடிகிறதா என்பது வேறு கேள்வி. மெல்பர்ன் நகரில் ஒரு வயதுக் குழந்தைகளுக்கு ஐயத்துக்குரிய உணவை மருத்துவக் கண்காணிப்பில் கொடுத்தே உறுதிசெய்த ஓர் ஆய்வில், சிசேரியனில் பிறந்தவர்களுக்கும் இயல்பாகப் பிறந்தவர்களுக்கும் இடையே உணவு ஒவ்வாமை விகிதத்தில் வேறுபாடு காணப்படவில்லை.

மருந்துகளைப் பொறுத்தவரை, அமெரிக்க ராணுவக் குடும்பங்களைச் சேர்ந்த 7,92,130 குழந்தைகளின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வு கவனத்துக்குரியது. முதல் ஆறு மாதங்களில் ஆன்ட்டிபயாடிக் பெற்றவர்களிடையே உணவு ஒவ்வாமைக்கான வாய்ப்பு சுமார் 14 விழுக்காடு மட்டுமே கூடியிருந்தது. அமிலச் சுரப்பைக் குறைக்கும் மருந்துகளைப் பெற்றவர்களிடையே அது இரண்டு மடங்கைத் தாண்டியது. வயிற்றில் அமிலம் குறைந்தால் புரதம் சரியாகச் சிதையாமல் குடலுக்குச் செல்வதும், பாக்டீரியாவின் சேர்க்கை மாறுவதும் காரணமாக இருக்கலாம். பால் ஒவ்வாமையின் தொடக்க அறிகுறியே எதுக்களிப்பு என்று தவறாகக் கருதப்பட்டு அந்த மருந்து தரப்பட்டிருக்கவும் கூடும். என் கருத்தில், தேவையான ஆன்ட்டிபயாடிக்கை அஞ்சித் தவிர்ப்பதைவிட, பால் கக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் அமிலக் குறைப்பு மருந்து எழுதும் வழக்கத்தைக் கேள்வி கேட்பதே பயன் தரும்.

அளவு மீறிய சுத்தம்தான் காரணம் என்கிறார்களே?

அந்தக் கருத்தை 1989இல் முன்வைத்தவர் பிரிட்டனின் டேவிட் ஸ்ட்ராக்கன். அவர் பேசியது உணவைப் பற்றியன்று, ஒவ்வாமையால் வரும் மூக்கொழுகலையும் கரப்பான் என்ற தோல் அழற்சியையும் பற்றி. மூத்த உடன்பிறப்புகள் மிகுந்த வீட்டில் இவை குறைவு என்பதே அவருடைய கண்டுபிடிப்பு. பின்னர் கிரஹாம் ரூக், நோய்க்கிருமிகள் அல்ல, மனிதரோடு நெடுங்காலம் ஒன்றி வாழ்ந்த தீங்கற்ற நுண்ணுயிர்களை இழந்ததே சிக்கல் என்று அதைத் திருத்தினார். கை கழுவுவதை நிறுத்தினால் ஒவ்வாமை குறையும் என்று இதற்குப் பொருள் இல்லை, வயிற்றுப்போக்குதான் கூடும்.

தென்னிந்தியாவிலிருந்து ஒரு தகவலை இங்கே சேர்க்கலாம். கர்நாடகத்தில் வயது வந்தோரிடையே நடந்து 2016இல் வெளியான ஆய்வில், 26.5 விழுக்காட்டினரின் இரத்தத்தில் ஏதேனும் ஓர் உணவுக்கு எதிரான ஐஜிஇ காணப்பட்டது. ஆனால் ஒவ்வாமை இருக்கக்கூடியவர்கள் 1.2 விழுக்காட்டினர் மட்டுமே. எதிர்ப்பொருள் இருந்தும் உணவைத் தாங்கிக்கொள்பவர்கள் இத்தனை பேர் என்பதால், இரத்தப் பரிசோதனை முடிவை மட்டும் பார்த்து ஒரு குழந்தைக்குப் பத்து உணவுகளை நிறுத்திவிடுவது தவறு.

புரோபயாடிக் (நன்மை தரும் உயிருள்ள பாக்டீரியா) மாத்திரை கொடுத்தால் ஒவ்வாமை குணமாகுமா?

இன்றுள்ள சான்றுகளின்படி இல்லை. ஆஸ்திரேலியாவில் மிமி டாங் தலைமையில் நடந்த இரண்டு சோதனைகளை வரிசையாகப் படிப்பது தெளிவு தரும். 2015இல் வெளியான முதல் சோதனையில், வேர்க்கடலைப் புரதத்தை மிகச் சிறிய அளவிலிருந்து படிப்படியாகக் கூட்டிக் கொடுக்கும் சிகிச்சையோடு லாக்டோபேசில்லஸ் வகைப் புரோபயாடிக்கையும் சேர்த்துக் கொடுத்தார்கள். இரண்டையும் பெற்றவர்களில் 82 விழுக்காட்டினரும், ஒப்பிடுவதற்காகத் தரப்படும், மருந்துச் சத்து இல்லாத போலி மருந்து பெற்றவர்களில் 4 விழுக்காட்டுக்கும் குறைவானவர்களும் வேர்க்கடலையைத் தாங்கினார்கள். உலகெங்கும் செய்தித்தாள்கள் புரோபயாடிக்கைக் கொண்டாடின. ஆனால் வேர்க்கடலையை மட்டும், புரோபயாடிக் இல்லாமல், பெற்ற குழு ஒன்று அந்தச் சோதனையில் இல்லவே இல்லை. அந்தக் குழுவையும் சேர்த்து 201 குழந்தைகளிடம் நடத்திய சோதனையின் முடிவு 2022இல் வந்தது: புரோபயாடிக் சேர்த்தவர்களில் 46 விழுக்காட்டினர், சேர்க்காதவர்களில் 51 விழுக்காட்டினர், போலி மருந்து பெற்றவர்களில் 5 விழுக்காட்டினர் நிவாரணம் பெற்றார்கள். வேலை செய்தது வேர்க்கடலை. புரோபயாடிக் உடன் வந்த விருந்தாளி.

தயிர், மோர், பழைய சோறு போதாதா?

உணவாக அவை நல்லவை. ஆனால் தயிரில் இருப்பவை லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்கள். ஆய்வுகளில் பாதுகாப்புத் தந்த கிளாஸ்ட்ரிடியா வகையோ ஆக்சிஜன் பட்டால் வளர முடியாதது. அதைத் தயிர்ப் பானையிலோ நீராகாரத்திலோ எதிர்பார்க்க முடியாது. பால் ஒவ்வாமை உள்ள குழந்தைக்குத் தயிரும் மோரும் ஆபத்தானவை. புளிக்கவைப்பதால் பால் புரதம் மறைந்துவிடுவதில்லை. சில புரோபயாடிக் தூள்களிலும் பால் புரதத்தின் எச்சம் இருக்கும் என்பதால் உறையைப் படித்துப் பார்க்க வேண்டும்.

மலத்தைப் பரிசோதித்துக் குடல் பாக்டீரியாவின் நிலையை அறிந்து, ஒவ்வாமை வருமா என்று சொல்கிறார்களே?

சொல்ல முடியாது. எது நலமான அளவு என்பதற்கே ஒப்புக்கொள்ளப்பட்ட வரையறை இல்லாதபோது, அறிக்கையில் வரும் சிவப்பு, பச்சைக் கட்டங்களுக்கு மருத்துவ மதிப்பு இல்லை. அந்தப் பணம் மிச்சமாகட்டும்.

நலமானவரின் மலப் பாக்டீரியாவை மாற்றிப் பொருத்தும் சிகிச்சை உண்டாமே?

கிளாஸ்ட்ரிடியோய்டிஸ் டிஃபிசில் என்ற கிருமியால் மீண்டும் மீண்டும் வரும் கடும் வயிற்றுப்போக்குக்கு அது பலன் தரும் சிகிச்சை. வேர்க்கடலை ஒவ்வாமைக்கு அது பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் ஆய்வு நிலையில் சோதிக்கப்பட்டிருக்கிறது. வழக்கமான சிகிச்சையாக எங்கும் ஏற்கப்படவில்லை. 2019இல் அமெரிக்காவில் மருந்துகளுக்குக் கட்டுப்படாத ஈ. கோலை கிருமி இவ்வழியே இருவருக்குப் பரவி, ஒருவர் இறந்தார்.

அப்படியானால், ஒவ்வாமை வராமல் தடுக்கப் பெற்றோர் இன்று செய்யக்கூடியது என்ன?

உணவையே உரிய காலத்தில் கொடுப்பது. லண்டன் கிங்ஸ் கல்லூரியின் கிடியோன் லாக் குழு, கடும் கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ இருந்த 640 குழந்தைகளை, 4 முதல் 11 மாத வயதில் இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வேர்க்கடலை உணவைத் தவறாமல் கொடுக்கச் சொன்னது. மற்றப் பிரிவை அதை அறவே தவிர்க்கச் சொன்னது. 5 வயதில் தவிர்த்தவர்களில் 17.2 விழுக்காட்டினருக்கும், உண்டவர்களில் 3.2 விழுக்காட்டினருக்கும் மட்டுமே வேர்க்கடலை ஒவ்வாமை இருந்தது. இது 2015இல் வெளியானது. அதே பிள்ளைகள் பதின்பருவத்தை எட்டியபோதும் பாதுகாப்பு நீடித்ததை 2024இல் உறுதிசெய்தார்கள். பாக்டீரியா எவ்வளவு சாதகமாக இருந்தாலும், அறிமுகமாகாத உணவை நோய் எதிர்ப்பு மண்டலம் பழகிக்கொள்ள வழியில்லை. கரப்பானால் வெடித்த தோலின் வழியே அதே புரதம் முதலில் நுழைந்துவிட்டால் அது பகையாகவே பதிவாகும் என்பதால், தோலை உலரவிடாமல் கரப்பானுக்கு உரிய மருத்துவம் செய்வதும் இதோடு சேர்ந்தது.

நடைமுறையில், ஆறு மாதம் ஒட்டி இணை உணவு தொடங்கும்போது நன்கு வெந்த முட்டையையும் வேர்க்கடலையையும் தள்ளிப்போடாமல் சேர்க்கலாம். வேர்க்கடலையை மைய அரைத்துக் கஞ்சியிலோ கூழிலோ நன்றாகக் கரைத்தே தர வேண்டும்; முழுப் பருப்பும் கெட்டியான விழுதும் சிறு குழந்தையின் தொண்டையை அடைத்துவிடும். கடும் கரப்பான் இருந்தாலோ ஏதேனும் உணவுக்கு ஏற்கெனவே எதிர்வினை காட்டியிருந்தாலோ மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

கர்ப்பிணியும் பாலூட்டும் தாயும் வேர்க்கடலை, பால், முட்டையைத் தவிர்க்க வேண்டுமா?

வேண்டாம். தவிர்ப்பதால் குழந்தைக்குப் பாதுகாப்பு எதுவும் கிடைப்பதாகத் தெரியவில்லை. தாயின் ஊட்டம்தான் குறையும்.

ஏற்கெனவே ஒவ்வாமை இருக்கும் பிள்ளைக்கு அது தானாக நீங்குமா? நீங்கிவிட்டதை எப்படி அறிவது?

பால், முட்டை ஒவ்வாமை பெரும்பாலான பிள்ளைகளுக்கு வளர வளர நீங்கிவிடும். வேர்க்கடலை ஒவ்வாமை ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கே நீங்கும். அதுவரை அந்த உணவை முற்றிலும் விலக்க வேண்டும். கடும் எதிர்வினை வந்தால் தொடையின் வெளிப்புறத் தசையில் உடனே போடப்படும் அட்ரினலின் ஊசிதான் உயிர் காக்கும். ஒவ்வாமை மாத்திரை அதற்கு ஈடாகாது. கடும் எதிர்வினை ஒரு முறை வந்த பிள்ளைக்கு அந்த ஊசியை எப்போது, எந்த அளவில் போட வேண்டும் என்பதை மருத்துவரிடம் எழுதி வாங்கி, பள்ளியிலும் ஒரு படி கொடுத்து வைக்க வேண்டும். நீங்கிவிட்டதா என்று பார்க்கும் சோதனை, ஊசியும் ஆக்சிஜனும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் மருத்துவமனையில், மிகச் சிறிய அளவில் தொடங்கிச் செய்யப்பட வேண்டும். வீட்டில் ஒரு வாய் கொடுத்துப் பார்ப்பது கூடாது.